மீன்தொட்டியில் கழியூதா விளக்கு: மருந்தா, மன ஆறுதலா?

கடந்த தை மாதத்தில் ஒரு நாள் பின்னிரவு ஒன்றரை மணிக்குத் தொலைபேசி ஒலித்தது. அந்த நேரத்தில் வரும் அழைப்புகள் எம்மவர்களுக்கு நல்ல செய்தியைக் கொண்டு வருவதில்லை. நெஞ்சு படபடக்க எடுத்தேன். மறுமுனையில் ரொறன்ரோவில் வாழும் என் பழைய நண்பர். கொழும்பில் ஒரே ஆசிரிய பீடத்தில் பல ஆண்டுகள் என்னோடு இருந்து செய்திகளைச் செப்பனிட்டவர்.

"ஐசே, போய்விட்டது" என்றார்.

யார் என்று கேட்பதற்கே எனக்குப் பயமாக இருந்தது. பிறகுதான் தெரிந்தது, போனது மனிதர் அல்ல, மீன். அவருடைய வீட்டு முன்கூடத்தில் உள்ள நானூறு லீற்றர் கடல்நீர்த் தொட்டியில் ஒன்பது நாட்கள் வாழ்ந்த 'பவுடர் புளூ' மீன்.

எனக்குச் சிரிப்பு வந்தது. ஆனால் அவருடைய குரலைக் கேட்டபின் சிரிக்க முடியவில்லை. ஓய்வு பெற்ற பின் அந்த மனிதருக்குத் துணையாக இருப்பவை அந்தத் தொட்டியும் அதற்குள் வளரும் முருகைகளும் தான். வெளியே பனி கொட்டும் மாதங்களில் அதற்கு முன்னால் கதிரையைப் போட்டு உட்கார்ந்து விடுவார். மனைவி காலமான பிறகு, காலையில் எழுந்ததும் அவர் முதலில் முகம் பார்ப்பது அந்த மீன்களிடத்தில் தான் என்று மகள் ஒருமுறை சொன்னாள்.

"கழியூதா விளக்கும் பூட்டியிருந்தேனே! கடைக்காரன் இது இருந்தால் ஒரு கிருமியும் வராது என்றானே! பிறகும் எப்படி வெள்ளைப் புள்ளி வந்தது?" இதுதான் அவருடைய கேள்வி. அதோடு இன்னொன்றும் சொன்னார். "இந்த மீன் உங்களுடைய கடலில் இருந்து வந்தது, தெரியுமோ? இலங்கை மீன் என்று சொல்லித்தான் விற்றவன்."

'உங்களுடைய கடல்' என்று அவர் சொன்னது எனக்குச் சுருக்கென்றது. அது அவருடைய கடலும் தான். இந்தப் பதிவை எழுதுவதற்கு அந்த ஒரு சொல்லும் காரணம்.

நான் மீன் வளர்ப்பவன் அல்லன். ஆனால் பத்திரிகையாளன் என்ற முறையில் அலங்கார மீன் ஏற்றுமதி பற்றிப் பலமுறை எழுதியிருக்கிறேன். கொழும்புக்கு அண்மையில் உள்ள ஏற்றுமதி நிலையம் ஒன்றுக்கு முதன்முதலாகப் போன நாள் இன்னும் கண்ணுக்குள் நிற்கிறது. வரிசை வரிசையாகக் கண்ணாடித் தொட்டிகள். சுவர் ஓரமாக நீண்ட குழாய்கள். குழாய்களின் பொருத்துவாய்களில் மெல்லிய நீல ஒளி கசிந்து கொண்டிருந்தது. குனிந்து பார்க்கப் போன என்னை அங்கிருந்த தொழிலாளி கையைப் பிடித்து இழுத்தார். "அதைப் பார்க்க வேண்டாம் ஐயா, கண் போய்விடும்" என்றார். கழியூதா விளக்குடன் எனக்கு ஏற்பட்ட முதல் அறிமுகம் அதுதான்.

தமிழகத்து வாசகர்களுக்கு ஒரு குறிப்பு: நாங்கள் பள்ளிக்கூடத்தில் 'கழியூதா' என்று படித்ததைத்தான் நீங்கள் 'புற ஊதா' என்கிறீர்கள். இரண்டும் ஒன்றே.

விளக்கின் கதை

ஊதா நிறத்துக்கு அப்பால் கண்ணுக்குத் தெரியாத கதிர் ஒன்று உண்டு என்பதை 1801 இல் ஜேர்மானியரான ஜோஹான் வில்ஹெல்ம் ரிற்றர் கண்டறிந்தார். சூரிய ஒளி பற்றீரியாக்களின் வளர்ச்சியைத் தடுக்கிறது என்பதை 1877 இல் இங்கிலாந்தில் டௌன்ஸ், பிளண்ட் ஆகிய இருவரும் நிறுவினர். தோலில் வரும் காசநோய்க்கு ஒளிச் சிகிச்சை அளித்த டென்மார்க் வைத்தியர் நீல்ஸ் பின்செனுக்கு 1903 இல் நோபல் பரிசு கிடைத்தது. 1910 இல் பிரான்சின் மார்செய் நகரில் குடிநீரைச் சுத்திகரிக்க இந்த விளக்கைப் பயன்படுத்திப் பார்த்தார்கள். ஆகவே இது நேற்று வந்த வித்தை அல்ல. நூறு வயதைக் கடந்த தொழில்நுட்பம்.

மீன்தொட்டிக்குப் பூட்டும் விளக்கு, குறைந்த அமுக்கத்தில் பாதரச ஆவி அடைக்கப்பட்ட குழாய். அதிலிருந்து வரும் கதிரின் அலைநீளம் ஏறத்தாழ 254 நானோமீற்றர். சாதாரணக் கண்ணாடி அதை மறித்து விடும் என்பதால் குவாட்ஸ் உறைக்குள் விளக்கை வைத்து, அந்த உறையைச் சுற்றித் தண்ணீர் ஓடும்படி செய்கிறார்கள். கதிர் பட்ட நுண்ணுயிரின் டீ.என்.ஏ. இழையில் பக்கத்துப் பக்கத்து எழுத்துகள் ஒன்றோடொன்று ஒட்டிக் கொள்கின்றன. அச்சுக் கோப்பவர் கையில் இரண்டு எழுத்துகள் ஒட்டிக் கொண்டால் அந்த வரியே பாழாகும் அல்லவா, அதைப் போல. அந்த உயிரினால் தன்னைப் பிரதி எடுக்க முடியாது. பெருகாத கிருமியினால் தீங்கு இல்லை.

இது உண்மையான, நிரூபிக்கப்பட்ட விஞ்ஞானம். இதில் எனக்கு எந்த ஐயமும் இல்லை. அமெரிக்காவின் மில்வோக்கி நகரில் 1993 இல் குடிநீரில் கலந்த ஓர் ஒட்டுண்ணியால் ஏறத்தாழ நான்கு இலட்சம் பேர் நோயுற்றார்கள். குளோரீனுக்கு அடங்காத அந்த ஒட்டுண்ணி கழியூதாக் கதிருக்கு அடங்கும் என்பது பின்னர் தெரிய வந்தது. இன்று நியூயோர்க் நகரின் குடிநீரில் பெரும் பகுதி கழியூதா நிலையம் ஒன்றின் ஊடாகவே வீடுகளுக்குப் போகிறது.

அப்படியானால் நண்பரின் மீன் ஏன் செத்தது?

ஒருவழிப் பாதையும் சுற்றுவட்டமும்

நியூயோர்க்கின் தண்ணீர் ஒரு வழியாக வருகிறது, விளக்கைக் கடக்கிறது, மறு வழியாகப் போகிறது. விளக்கைக் காணாத ஒரு துளி கூட வீட்டுக்குள் நுழைவதில்லை. வீட்டு மீன்தொட்டியின் கதை வேறு. அங்கே தண்ணீர் சுற்றிச் சுற்றி வருகிறது. விளக்கைக் கண்ட தண்ணீரும் காணாத தண்ணீரும் ஒரே தொட்டியில் மீண்டும் கலந்து விடுகின்றன.

ஒரு சிறு கணக்குப் போட்டுப் பார்ப்போம். நானூறு லீற்றர் தொட்டி. மணிக்கு எண்ணூறு லீற்றர் தண்ணீர் விளக்கைக் கடக்கிறது. அரை மணி நேரத்தில் முழுத் தொட்டியும் சுத்தமாகி விடும் என்றுதான் நாம் நினைப்போம். அப்படி நடப்பதில்லை. சீராகக் கலக்கும் நீரில் அரை மணி கழிந்த பின்னரும் 37 வீதமான தண்ணீர் விளக்கைக் கண்டிராது. ஒரு மணி நேரத்தின் பின் 14 வீதம். ஒன்றரை மணி நேரத்தின் பின் 5 வீதம். இதுவும் மூலை முடுக்கெல்லாம் தண்ணீர் சீராகக் கலந்தால் மட்டுமே. முருகைக்கற்களின் பொந்துகளிலும் மணலுக்குள்ளும் தேங்கும் தண்ணீருக்கு இந்தக் கணக்குப் பொருந்தாது.

அடுத்தது வேகம். கதிரின் அளவு என்பது ஒளியின் வலிமையை அது பட்ட நேரத்தால் பெருக்கி வருவது. தண்ணீர் வேகமாக ஓடினால் கிருமிக்குக் கிடைக்கும் கதிர் குறைவு. மிதக்கும் பாசிகளையும் பற்றீரியாக்களையும் முடக்கச் சதுர சென்ரிமீற்றருக்கு ஏறத்தாழ 30 மில்லிஜூல் போதும் என்பது தயாரிப்பாளர்கள் பொதுவாகச் சொல்லும் கணக்கு. ஒட்டுண்ணிகளுக்கு அதைப் போல மூன்று மடங்காவது வேண்டும். சிலவற்றுக்கு அதிலும் பன்மடங்கு. நண்பரிடம் விளக்கு வந்த பெட்டியைப் படித்துக் காட்டச் சொன்னேன். பெரிய எழுத்தில் மணிக்கு மூவாயிரம் லீற்றர் என்று இருந்தது. மூக்குக் கண்ணாடியை மாற்றிக் கொண்டு மீண்டும் பார்க்கச் சொன்னேன். சிறிய எழுத்தில், ஒட்டுண்ணிகளுக்கு மணிக்கு எண்ணூறு லீற்றர் என்று இருந்தது. அவர் மூவாயிரத்துக்குப் பம்பி பூட்டியிருந்தார். வாழ்நாள் முழுவதும் பிறர் எழுதியதைப் பிழை திருத்தியவர், தன் வீட்டுப் பெட்டியின் சிறிய எழுத்தைப் படிக்கத் தவறி விட்டார்!

மூன்றாவது, விளக்கின் வயது. ஏறத்தாழ ஓராண்டு தொடர்ந்து எரிந்தால் இந்த விளக்குகளின் கழியூதாக் கதிரை வெளியிடும் ஆற்றல் குறைந்து விடுகிறது. ஆனால் நீல ஒளி மட்டும் வழமை போல எரிந்து கொண்டிருக்கும். நாம் காணும் நீலம் கிருமியைக் கொல்லும் கதிர் அல்ல. கொல்லும் கதிரை நாம் காண முடியாது. எரிகிறது, ஆகவே வேலை செய்கிறது என்று நம்பிப் பல ஆண்டுகள் வெறும் நீல ஒளிக்கு மின்கட்டணம் செலுத்துவோர் எத்தனை பேரோ! குவாட்ஸ் உறையில் சுண்ணாம்பும் வழுவழுப்பும் படிந்தாலும் இதே கதைதான்.

புள்ளியின் பிறப்பும் இறப்பும்

சரி, எல்லாவற்றையும் ஒழுங்காகச் செய்திருந்தால் அந்த மீன் பிழைத்திருக்குமா? அப்போதும் உறுதி இல்லை என்பதுதான் என் கருத்து. அதற்கு அந்த நோயின் வாழ்க்கையை அறிய வேண்டும்.

கடல் மீன்களில் வெண்புள்ளி நோயை உண்டாக்குவது 'கிரிப்டோகேரியன் இரிற்றன்ஸ்' என்னும் ஒருகல உயிர். 1951 இல் அதற்கு இந்தப் பெயர் சூட்டப்பட்டது. அதன் வாழ்வு நான்கு கட்டங்களைக் கொண்டது. மீனின் தோலுக்குள்ளும் பூக்களுக்குள்ளும் புதைந்து, மூன்று முதல் ஏழு நாட்கள் மீனைத் தின்று வளர்கிறது. நாம் காணும் வெள்ளைப் புள்ளி அதுதான். பிறகு மீனை விட்டு இறங்கி அடியில் ஊர்கிறது. கல்லிலோ மணலிலோ ஒட்டிக் கொண்டு, தன்னைச் சுற்றிக் கெட்டியான ஓடு கட்டுகிறது. அந்த ஓட்டுக்குள் நூற்றுக்கணக்கில் பிரிகிறது. சில நாட்களிலோ சில கிழமைகளிலோ ஓடு வெடித்து, குஞ்சுகள் நீந்தி வெளியே வருகின்றன. ஓரிரு நாட்களுக்குள் ஒரு மீனைப் பிடிக்காவிட்டால் அவை மடிந்து போகும்.

இந்த நான்கு கட்டங்களில் விளக்குக்கு அகப்படக் கூடியது எது? நீந்தித் திரியும் அந்த ஓரிரு நாட்கள் மட்டுமே. மீனுக்குள் இருப்பதை விளக்கு தொடாது. கல்லில் ஒட்டியிருப்பதையும் தொடாது. அந்தக் குஞ்சுகளோ பெரும்பாலும் இருளில், கீழே கற்களுக்கு இடையில் மீன்கள் உறங்கும் நேரத்தில் வெளிவருகின்றன. உறங்கும் மீன் ஒரு சாண் தூரத்தில் கிடக்கிறது. விளக்கோ தொட்டிக்குக் கீழே, பம்பிக்கு அப்பால் இருக்கிறது. குஞ்சு எங்கே போகும்?

விளக்கு குஞ்சுகளின் தொகையைக் குறைக்கும், மறுக்கவில்லை. உடல்நலம் உள்ள, நன்றாகத் தின்னும் மீனுக்கு அந்தக் குறைப்பே உயிர் காக்கக் கூடும். ஆனால் குறைப்பது வேறு, குணப்படுத்துவது வேறு. கடைக்காரர் விற்றது முதலாவதை. நண்பர் வாங்கியதாக நினைத்தது இரண்டாவதை.

ஏன் கடலில் இந்த நோய் மீன்களை இப்படி வாரிக் கொண்டு போவதில்லை என்றும் கேட்க வேண்டும். கடலிலும் இந்த ஒட்டுண்ணி உண்டு. ஆனால் அங்கே மீனை விட்டு இறங்கிய ஒட்டுண்ணி ஓரிடத்தில் கிடக்க, மீன் எங்கோ போய் விடுகிறது. வெளிவரும் குஞ்சுகளை நீரோட்டம் அள்ளிக் கொண்டு போகிறது. பெரும்பாலானவை மீனைக் காணாமலே மடிகின்றன. கடலின் பரப்பே அதன் மருந்து. நானூறு லீற்றர் பெட்டிக்குள் அந்தப் பரப்பு இல்லை. இறங்கிய இடத்துக்கே மீன் ஒவ்வோர் இரவும் திரும்பி வருகிறது. இல்லாத அந்தப் பரப்புக்கு ஈடாகத்தான் நாம் ஒரு விளக்கை வைக்கிறோம். ஒரு விளக்கினால் ஒரு கடலுக்கு எவ்வளவு தூரம் ஈடு கொடுக்க முடியும்?

விளக்கே வேண்டாம் என்போர்

இதற்கு நேர்மாறான கட்சியும் உண்டு. கழியூதா விளக்கு முருகைத் தொட்டியைப் பாலைவனமாக்கி விடும் என்பவர்கள் இவர்கள். இவர்களுக்கு முன்னோடி என்று இந்தோனேசியாவின் ஜகார்த்தாவில் வாழ்ந்த லீ சின் எங் என்பவரைச் சொல்லலாம். கடலில் இருந்து எடுத்த உயிர்க்கற்களையும் காற்றுக் குமிழிகளையும் மட்டும் கொண்டு முருகைகளை வளர்க்க முடியும் என்று 1961 இல் அவர் சஞ்சிகை ஒன்றில் எழுதினார். வடிகட்டிகளையே மலை போல நம்பியிருந்த காலத்தில் அது ஒரு புரட்சி. இன்றைய முருகைத் தொட்டிகள் பலவற்றுக்கும் அடிப்படை அந்த எண்ணமே.

இவர்கள் வாதத்தில் பாதி சரி, பாதி பிழை. விளக்கு 'நல்ல பற்றீரியாக்களை' எல்லாம் கொன்று தொட்டியைக் கெடுத்து விடும் என்பது பிழை. கழிவை மாற்றும் பற்றீரியாக்கள் கல்லின் மேலும் மணலின் மேலும் ஒட்டி வாழ்பவை. அவை விளக்கின் பக்கமே போவதில்லை. ஆனால் நீரில் மிதக்கும் நுண்பாசிகளும், நுண்ணிய ஓட்டுடலிகளும், முருகைகளின் குடம்பிகளும் விளக்கைக் கடக்கும்போது அடிபடுகின்றன என்பது சரி. முருகைகளுக்கும் சிப்பிகளுக்கும் அவை உணவு. நாள் முழுவதும் நுண்ணுயிர்களைக் கொத்தித் தின்றே உயிர் வாழும் மன்டரின் போன்ற மீன்களை வைத்திருப்பவர்கள் இதை யோசிக்க வேண்டும்.

என் முடிவு இது. மீன் குறைவாகவும் முருகை மிகுதியாகவும் உள்ள, நிலைபெற்று விட்ட தொட்டிக்குக் கழியூதா விளக்கு கட்டாயம் அல்ல. மீன் மிகுதியாக உள்ள தொட்டிக்கு அது பயனுள்ள காவற்காரன். தண்ணீர் பச்சையாகக் கலங்கும்போதும், இரவில் நீருக்குள் மிதந்து எழும் சிலவகை நச்சுப் பாசிகள் பெருகும்போதும் அதன் உதவி கண்கூடானது. நூறு தொட்டிகளை ஒரே குழாயில் இணைத்திருக்கும் கடைக்காரருக்கும் ஏற்றுமதியாளருக்கும் அது இல்லாமல் ஆகாது. ஒரு தொட்டியின் நோய் மறு தொட்டிக்குப் போகும் வழியில் அது நிற்கிறது. ஆனால் இவர்களில் எவருக்கும் அது வைத்தியர் அல்ல. வாசலில் நிற்கும் காவற்காரனை அழைத்து நோயாளிக்கு வைத்தியம் பார்க்கச் சொல்லக் கூடாது.

2020 இல் கொரோனா பரவியபோது இதே மயக்கத்தை உலகம் முழுவதும் கண்டோம். கையடக்கக் கழியூதா விளக்குகள் கடைகளில் குவிந்தன. கைகளையும் தோலையும் அவற்றால் சுத்தம் செய்ய வேண்டாம் என்று உலக சுகாதார நிறுவனம் எச்சரிக்க வேண்டியிருந்தது. தள்ளி நிற்பதும், காத்திருப்பதும், கையைச் சவர்க்காரம் போட்டுக் கழுவுவதும் மனிதருக்குச் சலிப்பூட்டும் வேலைகள். ஆளியை அழுத்தினால் எரியும் விளக்கு அப்படி அல்லவே!

நாற்பது நாள் பொறுமை

மீன் வளர்ப்பிலும் அந்தச் சலிப்பூட்டும் வேலை ஒன்று உண்டு. அதன் பெயர் தனிமைப்படுத்தல். புதிதாக வாங்கிய மீனை நேரே பெரிய தொட்டியில் விடாமல், கல்லும் மணலும் முருகையும் இல்லாத சிறு தொட்டி ஒன்றில் நான்கு முதல் ஆறு கிழமைகள் வைத்திருப்பது. அங்கே நோய் தென்பட்டால் செப்பு மருந்து கொடுக்கலாம். லீற்றருக்கு ஏறத்தாழ 0.2 மில்லிகிராம் செப்பு, நாள்தோறும் அளந்து பார்த்துக் கொடுத்தால் ஒட்டுண்ணியின் குஞ்சுகள் மடியும். அதே செப்பு முருகைத் தொட்டிக்குள் போனால் முருகையும் இறாலும் சங்கும் மடியும். முருகைத் தொட்டிக்குள் நோய் புகுந்தபின் செய்யக் கூடியது மிகக் குறைவு என்பது இதனால் தான். மீன்களை எல்லாம் பிடித்து வெளியே எடுத்துச் சிகிச்சை அளித்து, பெரிய தொட்டியைப் பத்துக் கிழமைகளாவது மீன் இல்லாமல் விட வேண்டும். கல்லில் ஒட்டியிருக்கும் ஓடுகள் வெடித்து, குஞ்சுகள் மீனைக் காணாமல் மடியும் வரை காத்திருக்க வேண்டும்.

இதற்கு வேண்டியவை ஒரு சிறு தொட்டியும் ஒரு பஞ்சு வடிகட்டியும் பொறுமையும். செலவு விளக்கின் விலையை விடக் குறைவு. ஆனால் கடைக்காரர்களில் பலர் இதைப் பற்றிக் கதைப்பதில்லை. பொறுமையை விற்க முடியாது, விளக்கை விற்கலாம். இன்னொரு காரணமும் உண்டு. பல ஆண்டுகளுக்கு முன் வியாபாரி ஒருவரிடம், இவ்வளவு மீன்கள் வழியிலும் வீடுகளிலும் சாகின்றனவே, உங்களுக்குக் கவலை இல்லையா என்று கேட்டேன். அவர் என்னைப் பரிதாபமாகப் பார்த்தார். "செத்தால் தானே தம்பி திரும்பவும் வாங்குவார்கள்" என்றார். அன்று அதை நான் எழுதவில்லை. எழுதியிருக்க வேண்டும்.

செத்த மீனின் விலை

நண்பர் தன் மீனுக்குக் கொடுத்த விலையைச் சொன்னார். அந்த விலையில் எவ்வளவு, அதைப் பிடித்தவனுக்குக் கிடைத்திருக்கும்?

இலங்கைக் கடலில் அலங்கார மீன் பிடிப்பது நீண்ட காலத் தொழில். 1950களில் ஆர்தர் சி. கிளார்க், மைக் வில்சன் ஆகியோருடன் இந்தக் கடலில் மூழ்கித் திரிந்த றொட்னி ஜொன்கிளாஸ் இந்த மீன்களைப் பிடிப்பது பற்றி ஒரு நூலே எழுதியிருக்கிறார். ஐக்கிய நாடுகள் சுற்றாடல் நிகழ்ச்சித் திட்டத்தைச் சேர்ந்த உலகப் பாதுகாப்புக் கண்காணிப்பு நிலையம் 2003 இல் வெளியிட்ட அறிக்கை, ஆண்டுதோறும் இரண்டு கோடி முதல் இரண்டு கோடியே நாற்பது இலட்சம் வரையான கடல் அலங்கார மீன்கள் உலகச் சந்தையில் கைமாறுவதாகக் கணக்கிட்டது. அவற்றில் பெரும்பாலானவை, நன்னீர் மீன்களைப் போலப் பண்ணையில் பிறந்தவை அல்ல, கடலில் பிடிக்கப்பட்டவை. 'பவுடர் புளூ'வும் அப்படித்தான். மாவைத் தூவியது போன்ற நீல உடல், கரிய முகம், மஞ்சள் முதுகுச் செட்டை, வாலடியில் கத்தி போன்ற முள். இந்து சமுத்திரத்தின் முருகைக்கற்பாறைகளில் கூட்டமாக மேய்ந்து திரியும் இந்த மீன், வெண்புள்ளி நோய்க்கு மிக எளிதில் இரையாவது என்று மீன் வளர்ப்போர் எல்லோரும் அறிவர்.

ஒவ்வொன்றையும் ஒருவன் கீழே போய்ப் பிடிக்கிறான். முதுகில் காற்றுக் கலம், கையில் சிறு வலை. மீனுக்கு இவ்வளவு என்று கணக்கு. அதனால் ஒரே நாளில் பல தடவை மூழ்குவான். ஆழத்தில் இருந்து விரைந்து மேலே வந்தால் குருதியில் கரைந்த நைதரசன் குமிழிகளாகும். கிழக்குக் கரையில் ஒரு குடிசையில், இருபத்தொன்பது வயதில் இடுப்புக்குக் கீழே உணர்ச்சி இழந்து கிடந்த ஒருவனைச் சந்தித்தேன். வீட்டின் ஒரே மகன். என்ன மீன் பிடித்தாய் என்று கேட்டேன். தமிழில் பெயர் சொல்லத் தெரியவில்லை. ஆங்கில வியாபாரப் பெயர்களை அடுக்கினான். அவற்றில் 'பவுடர் புளூ'வும் ஒன்று. தான் பிடித்த மீன்கள் எங்கே போகின்றன என்று தெரியுமா என்றேன். "வெள்ளைக்காரர் வீட்டில் நல்லா இருக்கும்" என்றான். இன்று எம்மவர் வீடுகளுக்கும் அவை போகின்றன. நன்றாக இருக்கின்றனவா?

கடலும் முன்னைப் போல இல்லை. 1998 இல் கடல் வெப்பம் ஏறியபோது ஹிக்கடுவையிலும் கற்பிட்டிக்கு அப்பால் உள்ள பார் ரீஃப் பகுதியிலும் முருகைகள் வெளிறி மடிந்தன. திருகோணமலையின் புறாத்தீவு அந்த முறை பெருமளவு தப்பியது. 2016 இல் பார் ரீஃப் மீண்டும் அடிபட்டது. உலகம் முழுவதையும் பாதித்த நான்காவது வெளிறல் நிகழ்கிறது என்று 2024 சித்திரையில் விஞ்ஞானிகள் அறிவித்தனர். இலங்கையில் முருகைகளைப் பிடுங்குவதும் ஏற்றுமதி செய்வதும் சட்டத்தால் தடுக்கப்பட்டவை. மீனுக்கு அப்படி முழுமையான தடை இல்லை. வேண்டும் என்றும் நான் சொல்ல மாட்டேன். அந்தத் தொழிலை நம்பிப் பல குடும்பங்கள் வாழ்கின்றன. ஒழுங்காகப் பிடிக்கப்பட்ட மீன், ஒழுங்காக வளர்க்கப்பட்டு, தன் ஆயுளை வாழ்ந்து முடிப்பதில் எனக்கு ஆட்சேபம் இல்லை. ஒன்பது நாளில் சாவதில் தான் ஆட்சேபம்.

ஆகவே, முருகைத் தொட்டி வைத்திருக்கும் வாசகர்களுக்கு நான் சொல்லக் கூடியவை இவை:

1. முதலில் தனிமைத் தொட்டி. அதன் பிறகுதான் விளக்கு. இரண்டில் ஒன்றுக்கே பணம் இருந்தால் தனிமைத் தொட்டியையே வாங்குங்கள்.

2. விளக்கு வாங்கினால் பெட்டியில் உள்ள சிறிய எழுத்தைப் படியுங்கள். ஒட்டுண்ணிகளுக்கான வேகத்துக்கே பம்பியைப் பூட்டுங்கள்.

3. விளக்கைப் பூட்டிய நாளை அதன் மேலேயே எழுதி வையுங்கள். ஆண்டு ஒன்றானதும் மாற்றுங்கள். உறையை இடையிடையே கழற்றித் துடையுங்கள். எரியும் விளக்கை வெறுங்கண்ணால் பார்க்க வேண்டாம். பழைய விளக்கில் பாதரசம் உண்டு; குப்பைக் கூடையில் போட வேண்டாம்.

4. விளக்கு தண்ணீரைச் சிறிது சூடாக்கும். வெப்ப நாடுகளில் உள்ளவர்கள் வெப்பமானியைக் கவனியுங்கள்.

5. வாங்க முன் கடைக்காரரிடம் கேளுங்கள்: இந்த மீன் எங்கிருந்து வந்தது, இங்கே எத்தனை நாள் இருக்கிறது, என் முன்னால் தின்னுமா? பதில் இல்லை என்றால் திரும்பி வாருங்கள்.

நண்பர் இந்தப் பதிவுக்கு முன்பே இவற்றை எல்லாம் என்னிடம் கேட்டுத் திட்டும் வாங்கி விட்டார். எஞ்சியிருந்த இரண்டு மீன்களைப் பிடித்துச் சிறு தொட்டியில் விட்டார். பெரிய தொட்டி பத்துக் கிழமைகள் மீன் இல்லாமல் கிடந்தது. முதற் கிழமை வெறுமையைப் பார்க்கச் சகிக்கவில்லை என்றார். மூன்றாம் கிழமை, கற்களுக்கு இடையில் இவ்வளவு உயிர்கள் இருப்பது இதுவரை கண்ணில் படவே இல்லை என்றார். இரவில் கைவிளக்கைப் பிடித்தால் கூனி போன்ற சிறு பூச்சிகள் கண்ணாடி முழுக்க ஊர்கின்றனவாம்.

பங்குனி முடிவில் மீண்டும் ஒரு தொலைபேசி. இம்முறை நேரம் பார்த்துப் பகலில் எடுத்தார். இரண்டு மீன்களும் சுகமாகப் பெரிய தொட்டிக்குத் திரும்பி விட்டன. கடையில் இன்னொரு 'பவுடர் புளூ' வந்திருக்கிறதாம். அழகாக இருக்கிறதாம்.

"வாங்கட்டோ?" என்று கேட்டார்.

உம்முடைய தொட்டி நானூறு லீற்றர், அந்த மீனோ நாள் முழுக்க நீந்தித் திரிவது, அது வளர்ந்தால் எங்கே போகும் என்று கேட்டேன். சிறிது நேரம் பேச்சு இல்லை.

"அதைப் பிடித்தவன் என்றீரே, அந்தப் பொடியன் இப்ப எப்படி இருக்கிறான்?" என்றார்.

நான் அவனைப் பிறகு போய்ப் பார்க்கவில்லை. அதையும் அவரிடம் ஒப்புக் கொண்டேன்.